ஏட்டுப் பூவும் தோட்டத்துப் பூவும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. தாவரக் கல்விக்கு இது முற்றும் பொருந்தும். இலையையும் பூவையும் வித்தையும் படத்திற் கண்டு மனனஞ் செய்தவன் வேறு; விதைத்து, நீர் வார்த்து, களை பிடுங்கி, பூக்குமளவும் காத்திருந்து கண்டவன் வேறு. பல்கலைக்கழகங்கள் தமக்கெனத் தாவரவியற் பூங்காக்களை வைத்திருப்பதும், மாணவரை அங்கே பயிலுநராகச் சேர்ப்பதும் இவ்வேறுபாடு கருதியே. அப்பயிற்சி எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? அதற்கு உரியார் யாவர்? இவ்விரண்டுமே ஈண்டு நான் ஆராயப் புகும் பொருள்.

இத்தாலி தேசத்துப் பாதுவாப் பல்கலைக்கழகத்தின் பூங்கா 1545-இல் நிறுவப்பட்டது. தோன்றிய இடத்திலேயே இன்றும் நிலைத்திருக்கும் பல்கலைக்கழகப் பூங்காக்களுள் அதுவே மிகப் பழையது. மருந்துச் சரக்குக்களிலே மெய்யும் பொய்யும் கலந்திருந்த காலம் அது. ஒரு மூலிகைக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்தால் நோயாளியின் உயிருக்கே கேடு விளையும். மருத்துவ மாணவர் உயிருள்ள செடியை நேரிற் கண்டு இனமறிய வேண்டுமென்றே அத்தோட்டம் எழுந்தது. ஆகவே, பூங்கா பல்கலைக்கழகத்துக்கு அழகு செய்ய வந்த அணிகலன் அன்று. பிழையறக் கற்பதற்கென வந்த பாடசாலை.

இவ்வரலாற்றில் இலங்கையர்க்கும் ஓர் உரிமையுண்டு. 1672-இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராகப் போல் ஹேர்மன் என்னும் இளைஞர் இங்கு வந்தார். அவர் இந்நாட்டுச் செடிகளைப் பறித்து உலர்த்தித் தாளில் ஒட்டினார். சிங்களப் பெயர்களையும் கேட்டறிந்து குறித்தார். பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்திலே தாவரவியற் பேராசிரியராகவும் அதன் பூங்காவின் தலைவராகவும் விளங்கினார். அவர் மறைந்து நெடுங்காலஞ் சென்றபின், அத்தாள்கள் சுவீடன் தேசத்து உப்சாலாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லின்னேயசின் கைக்கு எட்டின. இலங்கையைக் கண்ணாலும் காணாத அப்பேரறிஞர், அவற்றைக் கொண்டே இந்நாட்டுத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் இயற்றி 1747-இல் வெளியிட்டார். ஹேர்மன் ஒட்டிய தாள்கள் இன்றும் இலண்டன் மாநகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. ஓர் இளைஞன் கவனமாகச் செய்த சிறுவேலை முந்நூற்றைம்பது ஆண்டு பிழைத்திருக்கிறது. பயிலுநர் என்பார் மனத்திருத்த வேண்டிய பாடம் இது.

பூங்காவிலே மாணவன் செய்யத்தக்க வேலை யாது? முறையான பூங்காவில் ஒவ்வொரு செடிக்கும் ஓர் இலக்கம் உண்டு. அதற்கொரு பதிவேடு உண்டு. வித்து எங்கிருந்து வந்தது, யார் தந்தார், என்று நட்டனர் என்பன அதில் இருக்கும். விதைத்தல், நாற்றுப் பிரித்து நடல், முதற் பூப் பூத்த நாளைக் குறித்தல், உலர் மாதிரி செய்தல், பெயர்ப்பலகை எழுதுதல் என்பன மாணவனுக்குரியன. இவற்றுட் பெயர்ப்பலகையை எளிதென எண்ணற்க. பூங்காக்கள் தம்முள் வித்துக்களைப் பரிமாறும் வழக்கமுடையன. ஒரு பலகை மாறினால், பிழைபட்ட பெயரோடு வித்து மற்றொரு நாட்டுக்குச் செல்லும். அங்கிருந்து பிறிதொரு நாட்டுக்கும் செல்லும். ஏடெழுதுவோர் ஒருவர் செய்த பிழை, பெயர்த்தெழுதிய ஏடுகளிலெல்லாம் பரவிய கதையைத் தமிழ் கற்றார்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. பதிப்பாசிரியனுக்கு வேண்டிய விழிப்பு அத்தனையும் பூங்கா மாணவனுக்கும் வேண்டும்.

இனி, இப்பயிற்சி இரண்டு கிழமையில் முடிவதாயின் அதனாற் பயனில்லை. காந்தளை எடுத்துக்கொள்வோம். நம்மூரில் அதைக் கார்த்திகைப்பூ என்பர். மாரி தொடங்க முளைத்து, கார்த்திகையிற் பூத்து, பின்னர் கொடி மடிந்துவிடக் கிழங்கு மாத்திரம் மண்ணுள் உறங்கும். பங்குனியில் வந்து சித்திரையிற் செல்லும் மாணவன் வெறும் மண்ணைக் கண்டு மீள்வான். சான்றிதழ் மட்டும் கையில் இருக்கும். தொடர்ச்சியாகப் பதினான்கு நாள் வருவதினும், கிழமைக்கு ஒருநாளாக ஓராண்டு வருதல் நன்று. பருவங்கள் ஒரு சுற்று வந்தாலன்றிச் செடி தன்னை முழுதும் காட்டாது.

வேறொரு குறையும் உண்டு. என் பழைய மாணவன் ஒருவன் ஓரிடத்திற் பயிற்சிக்குச் சென்றான். ஆறு கிழமையும் அலுவலகக் கோவைகளை அடுக்கியதன்றி, ஒரு வித்தையேனும் முளைக்க வைத்தறியேன் என்று என்னிடம் சொன்னான். பயிலுநர் கூலியில்லா ஆட்கள் அல்லர். அவர்க்குப் போக்குவரத்துச் செலவையும் மதிய உணவையும் கொடுப்பதோடு, நான்கு செடிகளையாவது பெயர் சொல்லி ஒப்படைத்து, அவற்றுக்கு அவரைப் பொறுப்பாளியாக்குதல் வேண்டும்.

“மண்வெட்டி பிடிக்கவா பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம்?” என்று கேட்கும் பெற்றோரும் உளர். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலே தாவரவியல் கற்பித்த ஹென்சுலோ தம் மாணவரை வயலுக்கும் சேற்றுநிலத்துக்கும் அழைத்துச் சென்றார். அவரோடு நடந்து பயின்ற மாணவருள் ஒருவரே டார்வின். இன்றுள்ள கேம்பிறிட்ஜ்ப் பூங்கா 1846-இல் திறக்கப்பட்டதும் ஹென்சுலோவின் முயற்சியாலேயே. பிற்காலத்தில் அவர் ஒரு கிராமத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பூவைப் பிரித்துக் காட்டித் தாவரவியல் போதித்தார். பேராசிரியர் கையில் மண் படுவது இழிவன்று. மாணவன் கையில் படுவதும் இழிவன்று. மேலும், பூங்காவில் முப்பதாண்டு உழைத்த தோட்டக்காரருக்கு எந்த வித்து எந்த ஈரத்தில் முளைக்கும் என்பது தெரியும். அவரும் ஓர் ஆசிரியரே. சான்றிதழிலே பேராசிரியரின் கையொப்பத்துக்குப் பக்கத்தில் அவர் கையொப்பமும் இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

இறுதியாக, உரியார் யாவர் என்னும் வினா. தாவரவியல் மாணவர் மாத்திரமே உரியர் என்பதை நான் உடன்படேன். தமிழ் மாணவர்க்கும் அங்கே இடம் வேண்டும். ஐந்திணைப் பெயர்களும் செடியின் பெயர், மரத்தின் பெயர். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 மலர்களை அடுக்குகின்றார். நம் மாணவர் அவற்றை மூச்சுவிடாது ஒப்புவிப்பர். “இவற்றுள் நீ கண்டவை எத்தனை?” என்று கேட்டால் வாய் திறவார். அகராதியைப் புரட்டினாலோ, ‘ஒரு மரம்’, ‘ஒரு பூண்டு’ என்றிருக்கும். ஒரு மரம் என்பது பொருளாகுமா? மகளிர் விரலுக்குக் காந்தளை உவமை சொல்வது புலவர் மரபு. ஒடுங்கி நீண்ட ஆறிதழ்களும் மேனோக்கி வளைந்து நிற்கும் அப்பூவை ஒருமுறை கண்டவனுக்கு அவ்வுவமைக்கு உரை வேண்டா.

தமிழ் மாணவன் பெயரை அறிவான், செடியை அறியான். தாவரவியல் மாணவன் செடியை அறிவான், பண்டைப் பெயரை அறியான். இருவரையும் ஒரு பாத்தியிலே நிறுத்துக. இலக்கியம் கூறும் நிறம், பருவம், நிலம் என்பவற்றை ஒருவன் சொல்ல, மற்றவன் செடியோடு ஒப்புநோக்கட்டும். துணிந்தவற்றுக்குத் தமிழிற் பெயர்ப்பலகை எழுதுக. துணியாதவற்றை ஐயம் என்றே குறித்து வைக்குக. பழம்பெயர்கள் அனைத்தையும் ஒரே ஆண்டில் துணிந்துவிடலாம் என்று நான் சொல்லேன். ஆண்டுக்கு ஐந்து பெயர் தெளிந்தாலும் அது பெரும் பேறு.

குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பெயர்கள் ஏடுகளிற் சிதைந்து கிடந்தபோது, உ. வே. சாமிநாதையர் மடந்தோறும் ஏடு தேடி அவற்றை நிறைவு செய்து, 1889-இற் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். பெயர்களைக் காத்தளித்த கடன் அவரோடு நிறைவேறிற்று. அப்பெயர்க்குரிய செடிகளை நட்டு, வளர்த்து, இன்னதென்று இளையோர்க்குக் காட்டும் கடன் நம் பல்கலைக்கழகங்களுடையது. அதற்கு வேண்டுவன ஒரு துண்டு நிலமும், ஓர் ஆண்டுக் காலமும், கையில் மண் படுவதற்கு நாணாத மாணவருமே.