மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ரோட்டை எங்களுக்கு விடுங்க!



பிள்ளைகள் படிப்பு, மாமியார் - மருமகள், சமையல், கைவைத்தியம் என்று இந்தப் பகுதியில் எத்தனையோ விஷயங்களைப் பேசுகிறோம். இந்த முறை நான் ரோட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "ரோட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நிறையவே சம்பந்தம் இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டரை மணி நேரத்துக்கு, ஊருக்குள் ஒரே ஒரு ரோட்டில் லாரி, கார், பைக் எதையும் விடக்கூடாது. குடும்பம் குடும்பமாக சைக்கிள் ஓட்ட அந்த ரோட்டைக் கொடுத்துவிட வேண்டும். சேலத்தில் ஒரு ரோடு, நாமக்கல்லில் ஒரு ரோடு போதும். அதுவும் முதலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்.

எங்கள் நாமக்கல்லைப் பற்றி உங்களுக்குத் தெரியும். முட்டை, லாரி இரண்டும்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. என் வீட்டுக்காரரே லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவர். அதனால் லாரியைத் திட்டி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். ஆனால் ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் புது சைக்கிளை எங்கே ஓட்டுகிறாள் தெரியுமா? மொட்டை மாடியில்! தண்ணித் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். "அம்மா, கடைத்தெரு வரைக்கும் ஒரே ஒருதடவை போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்கும்போதெல்லாம் "வேண்டாம் சாமி, வண்டி வரும்" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துப் போச்சு. உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

நம்ம ஊர்ப் பெண்களுக்கு சைக்கிள் இல்லாத குறை இன்றைக்கு இல்லை. 2001-02ம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்கு அரசாங்கம் விலையில்லா சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. 2005-06ல் அரசு பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் வந்தது. அந்த வருஷம் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. ராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அஞ்சு கிலோ மீட்டர் மிதித்துப் போய் பிளஸ் டூ முடித்தேன். எங்கள் ஊரில் எனக்கு முன்னால் பத்தாம் வகுப்போடு நின்ற அக்காமார்கள் எத்தனையோ பேர். சைக்கிள் வந்ததும் ஒரே வருஷத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போனோம்.

கல்யாணம் ஆனதும் அந்த சைக்கிள் என்ன ஆச்சு? என் தம்பி பால் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போனான். என் கூடப் படித்தவர்களைக் கேட்டால், ஒருத்தியுடையது துருப்பிடித்து மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது, இன்னொருத்தியுடையது பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஓட்டத் தெரிந்த பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறோம். ஓட்டுகிற பெண்கள்தான் இல்லை. "கல்யாணம் ஆனவ சைக்கிள்ல போனா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்பது ஒரு காரணம். ரோட்டைப் பார்த்தாலே பயம் என்பது இன்னொரு காரணம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் எந்தப் பெண் வெளியே எடுப்பாள்?

சைக்கிளால் ஆகிற காரியம் சின்னக் காரியம் இல்லை. 2021ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாமல் போகிற வசதி வந்தது. பெரிய உதவிதான். ஆனால் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். அங்கிருந்து உள்ளே இருக்கிற வீட்டுக்கோ, ரேஷன் கடைக்கோ நடந்துதான் ஆகணும். இல்லாவிட்டால் பைக்கில் கூட்டிப் போக வீட்டு ஆம்பிளையின் நேரம் பார்த்து நிற்கணும். என் மாமியார் வயசுக் காலத்தில் சேகோ பேக்டரி வேலைக்குத் தினமும் போக நாலு மைல், வர நாலு மைல் நடந்தவர். ஒருநாள் சொன்னார்: "அப்ப எனக்கு ஒரு சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சிருந்தா தெனமும் ரெண்டு மணி நேரம் மிச்சமாயிருக்கும் கண்ணு. உங்க வீட்டுக்காரரை இன்னும் கொஞ்ச நேரம் மடியில வெச்சுக்கிட்டு இருந்திருப்பேன்." எனக்குப் பதில் பேச வரவில்லை.

என் மாமியாருக்குக் கிடைக்காத அது புதுக்கோட்டைப் பெண்களுக்குக் கிடைத்தது. 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். விவசாயக் கூலிப் பெண்கள், கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிக்காரர்கள் எல்லாரும் கற்றுக் கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் வந்தார்களாம். ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளுக்கு வந்தார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை என்று ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒருத்தி தனியாக ஓட்டினால் கேலி பேசுகிற தெரு, ஆயிரத்து ஐந்நூறு பேர் சேர்ந்து வந்தால் வாயை மூடிக்கொண்டு வழிவிடுகிறது. அதற்காகத்தான் நான் "எல்லாரும் சேர்ந்து, ஒரே நாளில், ஒரே ரோட்டில்" என்று கேட்கிறேன்.

ரோட்டை மூடுவது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில் 1974ம் ஆண்டிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது ஞாயிறு, விடுமுறை நாட்களில் காலை 7 மணி முதல் பகல் 2 மணி வரை 120 கிலோ மீட்டருக்கும் மேலான ரோடு சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும்தான். ஹாலந்தில் 1971ல் மட்டும் ரோடு விபத்தில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் நூற்றுக்கணக்கானவை பச்சைப் பிள்ளைகள். தாய்மார்களும் பெற்றோர்களும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973 கடைசியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கமே சொன்னது. பெரிய பெரிய ரோட்டிலெல்லாம் பிள்ளைகள் சைக்கிள் விட்டார்கள். கார் இல்லாத ரோடு எப்படி இருக்கும் என்பதை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். இன்றைக்கு சைக்கிளுக்கு அந்த நாட்டைத்தான் உலகமே உதாரணம் காட்டுகிறது.

வெளிநாட்டை விடுங்கள். டெல்லி பக்கத்தில் குர்கானில் 2013 நவம்பரில் 'ராஹ்கிரி' என்ற பெயரில் ஞாயிறு காலையில் ரோட்டை மூடினார்கள். 2014ல் சென்னை பெசன்ட் நகர் பீச் ரோட்டில் நடந்தது. பிறகு கோயம்புத்தூரிலும் வந்தது. அங்கெல்லாம் முடிந்தது நம்ம சேலம், நாமக்கல்லில் முடியாதா? சேலத்தில் வண்டிகளுக்காக 2020ல் ஈரடுக்கு மேம்பாலமே திறந்தாச்சு. நாமக்கல்லும் புதுக்கோட்டையும் 2024ல் ஒன்றாகத்தான் மாநகராட்சி ஆயின. புதுக்கோட்டைப் பெண்கள் அன்றைக்குச் செய்ததில் பாதியாவது நாமக்கல் பெண்கள் செய்ய வேண்டாமா?

ஆனால் ஒன்று. சில ஊர்களில் நடந்ததை செல்போனில் பார்த்தேன். பெரிய மேடை, காதைப் பிளக்கிற பாட்டு, டான்ஸ், செல்ஃபி. ஆடுகிறவர்கள் பூரா காலேஜ் பிள்ளைகள். ஆடட்டும், சந்தோஷம்தான். ஆனால் நாற்பது வயசு அம்மா அந்தக் கூட்டத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கே போவாள்? அதனால் நம்ம ஊரில் செய்தால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள்:

பந்தயம் வேண்டாம், டீ-ஷர்ட்டும் நுழைவுக் கட்டணமும் வேண்டாம். சேலையோ, சுடிதாரோ, வீட்டில் இருக்கிற உடுப்போடு வர வேண்டும். பாட்டு வைப்பதானால் ரோட்டின் ஒரு முனையில் வைக்கட்டும். ஒரு ஓரத்தை ஓட்டத் தெரியாத பெண்கள் கற்றுக்கொள்ள ஒதுக்க வேண்டும். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்ள மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களும், என்.எஸ்.எஸ். மாணவிகளும் வந்தால் போதும்.

சைக்கிள் இல்லாதவர்களுக்கு வாடகை சைக்கிள் வேண்டும். முன்பெல்லாம் தெருவுக்குத் தெரு வாடகைக் கடை இருக்கும். மணிக் கணக்கில் எடுத்து, குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டது ஒரு தலைமுறை. 2024ல் வந்த 'குரங்கு பெடல்' படம்கூட நம்ம சேலத்துப் பக்கத்துப் பையன் ஒருவன் வாடகை சைக்கிளுக்குப் படும் பாட்டைத்தான் காட்டியது. அந்தக் கடைகள் அநேகமாகப் போய்விட்டன. மீதி இருக்கிற ரிப்பேர் கடைக்காரர்களைக் கூப்பிட்டு, பழைய வண்டிகளைச் சரிசெய்து அன்றைக்கு வாடகைக்கு விடச் சொல்லலாம். அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். கொட்டகையில் கிடக்கும் நம் சைக்கிளையும் அங்கேயே செயின், டியூப் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த ரோடு என்பதை போலீசும் மாநகராட்சியும் பார்த்துச் சொல்லட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி வேண்டாம், ஆஞ்சநேயர் கோயிலுக்கு வெளியூர் ஜனம் வருகிற வழி வேண்டாம், பஸ் போகும் ரோடும் வேண்டாம். ஒரு கிலோ மீட்டர் நீளம் போதும். பால்காரர், பூக்காரம்மா, இட்லிக் கடைக்காரர் யார் பிழைப்பும் கெடாமல் காலை 6 மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடித்துவிடலாம். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அவர்களுக்கு வியாபாரம் கூடத்தான் செய்யும்.

இனி, வீட்டுப் பெண்கள் எல்லாரும் கேட்கப் போகிற கேள்விக்கு வருகிறேன். "ஞாயித்துக்கிழமை காலையில நமக்கு எங்கீங்க நேரம்? கறி எடுக்கணும், மசால் அரைக்கணும், தலைக்கு ஊத்திவிடணும்!" நியாயம்தான். மற்ற நாளைவிட ஞாயிறன்றுதான் நமக்கு வேலை அதிகம். குடும்பத்தோடு வாருங்கள் என்று போஸ்டர் ஒட்டிவிட்டு, அப்பாவும் பிள்ளைகளும் சைக்கிள் விட, அம்மா மட்டும் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் அதற்குப் பேர் குடும்ப விழாவா? மாதத்தில் ஒரு நாள் கறிக்குழம்பு மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தால் யாரும் பட்டினி கிடந்துவிட மாட்டார்கள். கறிக்கடைக்கு வீட்டுக்காரர் போகட்டும், வெங்காயத்தைப் பையன் உரிக்கட்டும். என் வீட்டில் இதைப் பேசிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "சரி, உன்ற சைக்கிளுக்கு வேணா பட்டறையில பெயின்ட் அடிச்சுத் தர்றேன்" என்றார். அதுவே பாதிக் கிணறு தாண்டின மாதிரிதான்.

"மாதம் ஒரு நாள் ஓட்டினால் மீதி இருபத்தொன்பது நாள் ரோடு மாறிடுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஒரே நாளில் மாறாது. ஆனால் ஒரு தடவை ஆயிரம் பெண்கள் ஓட்டினால், நமக்கும் ரோட்டில் பாத்தியதை உண்டு என்பது வார்டு கவுன்சிலர் கண்ணுக்கும் தெரியும், லாரி ஓட்டுகிற அண்ணன்மார் கண்ணுக்கும் தெரியும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பெரிய வண்டிகளை நிறுத்துங்கள், ஓரத்தில் சைக்கிளுக்குக் கோடு போட்டுக் கொடுங்கள் என்று அடுத்தபடியாகக் கேட்க நமக்கும் வாய் வரும்.

ஜூன் 3ம் தேதியை உலக சைக்கிள் தினம் என்று ஐ.நா. சபை 2018ல் அறிவித்தது. நம்ம ஊரில் பள்ளிக்கூடம் திறக்கிற சமயமும் அதுதான். அதை ஒட்டி வருகிற ஞாயிறிலேயே ஆரம்பிக்கலாம். எங்கள் தெருவில் பதினோரு பெண்கள் கையெழுத்துப் போட்டு மாநகராட்சிக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். முதல் கையெழுத்து என் மாமியாருடையது. அறுபத்திரண்டு வயசில் "பின்னால யாராச்சும் புடிச்சுக்கிட்டா நானும் ஏறுவேன்" என்கிறார்.

சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் சகோதரிகளே! உங்கள் தெருவிலும் ஒரு மனு எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்தாலே போதும். கொட்டகையில் கிடக்கிற சைக்கிளை இந்த வாரமே வெளியே எடுத்துத் துடைத்து, செயினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.

— ஒரு வாசகி,
நாமக்கல்.