பிரிச்சாத்தான் தெரியும் சார்!

நான் பி.காம். ஐந்தொகையில் ஐம்பது பைசா உதைத்தாலும் ராத்திரி தூக்கம் வராது. அப்பேர்ப்பட்ட என்னை ஒரு மேஸ்திரி மூன்றே வார்த்தையில் சாய்த்துவிட்டார்: “பிரிச்சாத்தான் தெரியும் சார்!”

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற வழியில் தாமல். கடல் மாதிரி ஏரி, வராகீஸ்வரர் கோயில். அங்கே ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கிப் போட்டேன். முதலீடாம்! உள்ளே குழித்தறியோடு ஒரு பெரியவர் குடியிருந்தார். வாடகை 2,500.

‘கொஞ்சம் ரிப்பேர் பண்ணி, கம்பெனி பசங்களுக்கு விட்டால் 5,500 நிச்சயம்’ என்று பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அறை பத்துக்குப் பன்னிரண்டு. 120 சதுர அடிக்கு பெயிண்ட் என்று எழுதினேன். பெயிண்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“தரைக்கா சார் பெயிண்ட் அடிக்கப் போறீங்க?”

அட! சுற்றளவு 44 அடி, உயரம் 10. சுவர் மட்டுமே 440 சதுர அடி. முதல் வரியிலேயே பி.காம். அவுட்!

அடுத்து மேஸ்திரி. இடுப்பளவுக்கு ஓதம் ஏறிய பின்சுவரைத் தட்டிப் பார்த்தார். “பூச்செல்லாம் கொத்தணும், சிமென்ட்ல கெமிக்கல் கலந்து பூசணும். தறிக்குழியிலேர்ந்துதான் ஈரம் ஏறுது. அதை மூடி டைல்ஸ் போட்டுடலாம். ஒண்ணு எண்பத்தஞ்சு ஆகும்.”

“அவ்வளவுதானே?”

“பிரிச்சாத்தான் தெரியும் சார்!”

வாடகை கூடுவது மாதம் 3,000, வருஷத்துக்கு 36,000. ஐந்து வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன். கடன் வாங்கித்தானே போட வேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது. 12 சதவீத வட்டி 22,200 போனால் மிச்சம் 13,800. அசல் திரும்பப் பதின்மூன்று வருஷம்!

சரி, வருமான வரியிலாவது கழிக்கலாமா? வாடகையில் வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு உண்டு. ஒரு ஆணி அடிக்காவிட்டாலும் அதே 30தான்; வீட்டையே பெயர்த்து மாற்றினாலும் அதே 30தான். கடன் வட்டியைத் தனியாகக் காட்டலாம், அவ்வளவே.

பெரியவர் தறியிலிருந்து எழுந்து வந்தார்.

“குழியை மூடிட்டா தறி எங்க தம்பி நிக்கும்? வேற வீட்ல குழி தோண்ட யார் விடுவாங்க?”

என் எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. பேச்சை மாற்றுவதற்காக, “இந்த ஓதம் எப்போலேர்ந்து ஐயா?” என்றேன்.

“இவ்ளோ நேரம் இதை யாருமே என்னைக் கேக்கல. குழியில கையை விட்டுப் பாருங்க.”

விட்டேன். காய்ந்த மண்! தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறினால் முதலில் நனைய வேண்டியது குழிதானே?

பெரியவர் பின்சந்துக்கு அழைத்துப் போனார். வருஷக்கணக்காக மண் சேர்ந்து, வீட்டுத் தரைக்கு மேலே சந்து உயர்ந்திருந்தது. ஓட்டிலிருந்து விழுகிற மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் சுவரிலேயே நிற்கிறது. அது பழைய சுண்ணாம்புச் சுவர். மேலே சிமென்ட் பூசி அடைத்தால் ஈரம் வெளியே வர முடியாமல் இன்னும் மேலே ஏறும், பூச்சும் உதிரும். 1,85,000 ரூபாய்க்கு நான் வாங்க இருந்தது அதைத்தான்!

புது எஸ்டிமேட்: சந்து மண் வெட்ட 4,000. தாவாரத்தில் தகரக் கால்வாய் 9,000. உடைந்த ஓடு மாற்ற 8,000. சுவர் காய்ந்தபின் சுண்ணாம்புப் பூச்சு 10,000. ஆக 31,000. கூலி தனி, சாமான் தனி என்று அளவு போட்டு எழுதி வாங்கினேன். எதிர்பாராததற்கு என்று 20 சதவீதம், 6,200 தனியாக வைத்தேன். கடனே இல்லை.

பெரியவரே வாடகையில் ஐந்நூறு கூட்டித் தருவதாகச் சொன்னார். போட்டது வர ஆறு வருஷம் ஆகும். ஆகட்டுமே! வீடு ஒரு மாசம்கூட காலியாக இல்லை. தறிச் சத்தமும் நிற்கவில்லை.

நாலு ஓட்டைப் பிரித்தார்கள். அடியில் ரீப்பரெல்லாம் கரையான்! 5,800 ரூபாய்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

“தெரியும் மேஸ்திரி... பிரிச்சாத்தான் தெரியும்!”