முப்பத்தி மூணு ரூபா விரதம்

நம்ம ஸ்ரீரங்கம் நண்பர்கள் வட்டத்துல கொஞ்ச நாளா ஒரு யோசனை சுத்திக்கிட்டிருக்கு. ஒரு மாசம் "அகதி பட்ஜெட்"டுல வாழ்றதாம். முகாம்ல ஒரு ஆளுக்கு அரசாங்கம் தர்ற உதவித்தொகைக்குள்ளயே சாப்பாடு, சோப்பு, பஸ் செலவு எல்லாம். மிச்சமாகிற காசையும், இதைப் பார்த்து மத்தவங்க போடுற காசையும் சேர்த்து முகாம் பிள்ளைங்க படிப்புக்குக் கொடுக்கிறது. கேக்க நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஒப்பலை. ஏன்னு சொல்லிடறேன், அப்புறம் திட்டறவங்க வரிசையில வாங்க :-)

யோசனை புதுசில்லை. ஆஸ்திரேலியாவின் 'ஆக்ட் ஃபார் பீஸ்' அமைப்பு இதை 'ரேஷன் சேலஞ்ச்'னு நடத்தியிருக்கு. ஜோர்டானில் இருக்கும் சிரிய அகதிக்குக் கிடைக்கிற அரிசி, பருப்பு, எண்ணெய் மாதிரியான ரேஷனை மட்டும் வைத்து ஒரு வாரம் ஓட்டணும். நம்ம ஊரிலும் 2011-ல் ஒண்ணு நடந்தது. நகரத்தில் ஒரு நாளைக்கு 32 ரூபாய் செலவு பண்ண முடிஞ்சா அவன் ஏழை இல்லைன்னு திட்டக்கமிஷன் உச்ச நீதிமன்றத்தில் சொன்ன நேரம். பெங்களூர் இளைஞர்கள் ரெண்டு பேர் முதலில் 100 ரூபாயிலும் அப்புறம் 32 ரூபாயிலும் வாழ்ந்து பார்த்து எழுதினாங்க. அதுக்கு ஒரு அர்த்தம் இருந்தது. அரசாங்கம் சொன்ன ஒரு எண்ணை அவங்க சோதிச்சுப் பார்த்தாங்க. நம்மாளுங்க எதைச் சோதிக்கப் போறாங்க?

கணக்கைப் பாருங்க. 2021 ஆகஸ்ட்டில் உயர்த்தின பிறகு குடும்பத் தலைவருக்கு மாசம் 1500, மத்த பெரியவங்களுக்கு 1000, பன்னிரண்டு வயசுக்குள்ள பிள்ளைகளுக்கு 500. நாலு பேர் குடும்பத்துக்கு 3500. ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பது ரூபாய் கூட வராது. தனி ஆளா 1000 வாங்கினா முப்பத்தி மூணு. ரேஷன் அரிசி தனி.

இதில் மட்டும் முகாம்ல யாராவது வாழ்றாங்களா? வாழ முடியாதுங்க. கொட்டப்பட்டு ஆகட்டும், வாழவந்தான்கோட்டை ஆகட்டும், ஆம்பளைங்க விடியக்காலம் பெயிண்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் கிளம்பிப் போறாங்க. திருச்சியில் எத்தனை வீட்டுச் சுவர் அவங்க கைபட்டதுன்னு நமக்கே தெரியாது. அவங்களைப் போய் "முப்பத்தி மூணு ரூபாயில் காலம் தள்ளுறவங்க"ன்னு காட்டினா, கை நீட்டி உக்காந்திருக்கிறவங்கன்னுதான் ஜனங்க மனசுல பதியும். உழைக்கிறவனை இதைவிட கேவலப்படுத்த முடியாது.

ரெண்டாவது, பட்ஜெட்டைக் காப்பி அடிக்கலாம், பதிவேட்டைக் காப்பி அடிக்க முடியாது. கணக்கெடுப்பு நாளில் வேலையை விட்டுட்டு, கூலியை இழந்துட்டு, தாசில்தார் ஆபீஸ் ஆளுங்க முன்னாடி நிக்கணும். கியூ பிராஞ்ச் கண்ணு எப்பவும் மேல இருக்கும். நம்ம சவாலில் இதெல்லாம் உண்டா?

மூணாவதுதான் முக்கியம். விரதத்தைப் பத்தி ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஏகாதசிக்குப் பட்டினி கிடந்தா மறுநாள் துவாதசி, அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் இலையில வந்துடும். முப்பத்தோராம் நாள் முரளி காபி காத்திருக்குன்னு தெரிஞ்சவனோட பட்டினி வேற. 1983-லயும் 1990-லயும் படகேறி வந்தவங்களுக்கு இன்னும் துவாதசி வரலை. இங்கேயே பிறந்தவன், இங்கேயே படிச்சவன், இங்கேயே கல்யாணம் பண்ணினவன், அவன் பிள்ளை எல்லாரும் இன்னமும் வெளிநாட்டுக்காரங்க. 2021 அரசுக் கணக்குப்படி முகாம்களில் மட்டும் 58,822 பேர்.

சட்டம் அப்படி. 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்தியாவில் பிறந்தா குடிமகன். அதுக்கப்புறம் பிறந்தா அப்பா அம்மாவில் ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் இறுகிப்போச்சு. 2019 திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை கிடையாது. கொட்டப்பட்டு முகாமில் இருந்து ஒரு பெண், 1987-க்கு முன்னாடி மண்டபத்தில் பிறந்தவர், கோர்ட்டுக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். ஒரு ஓட்டுக்கு ஹைகோர்ட் வரைக்கும் போகணும்! அந்தத் தேதிக்கு அப்புறம் பிறந்தவங்களுக்கு அந்த வழியும் இல்லை.

காசு வேண்டாம்னு நான் சொல்லலை. தாராளமா கொடுங்க. ஆனா ஒரு பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்ட நீங்க எதுக்குங்க பட்டினி கிடக்கணும்? நல்லா சாப்பிட்டுட்டே கொடுங்க, அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. முகாம் ஆளை வேலைக்குக் கூப்பிட்டா உள்ளூர்க்காரனுக்குக் கொடுக்கிற அதே கூலியைக் கொடுங்க. ஓட்டு கேட்டு வர்ற எம்.பி. வேட்பாளர்கிட்ட, காவிரித் தண்ணி பத்திக் கேக்கிற மாதிரி, கொட்டப்பட்டுக்காரங்க குடியுரிமை என்னாச்சுன்னும் ஒரு கேள்வி கேளுங்க. அவங்களுக்கு ஓட்டில்லை, அதனால அவங்களால கேக்க முடியாது. நம்மால முடியும்.

டிஸ்கி: யோசனை சொன்ன நண்பர் நல்லவர், கோபம் யோசனை மேலதான். சவால் வேணும்னு அடம் பிடிச்சா ஒண்ணு தர்றேன். ஒரு மாசம் வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் ரெண்டையும் தொடாம வாழ்ந்து பாருங்க. அரிசி, பருப்பு உங்க இஷ்டம்.