போல்ட் போனால் வாங்கலாம், கண் போனால்?

டிராக்டரில் போல்ட் உடைந்தால் அது பட்டறைக்காரர் கவலை, மருத்துவப் பகுதியில் அதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது, தோழர்களே. உடைந்த போல்ட்டைக் கழற்றப் போய்க் கண்ணைக் கெடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வருகிறவர்கள் உண்டு. “டிரெஸ்ஸர் ஐயா, என்னமோ தூசி விழுந்திருச்சு, கொஞ்சம் மருந்து ஊத்துங்க” என்பார்கள். அந்தத் தூசி பல நேரங்களில் தூசி அல்ல, இரும்பு.

நம் தோட்டங்களில் பழைய மாஸி பெர்குசன் 135 போன்ற வண்டிகள் இன்னும் குலை இழுத்துக்கொண்டிருக்கின்றன. மழையும் உரமும் பட்டுப் பட்டு போல்ட்டுகள் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். காட்டுக்குள் ஒன்று உடைந்தால் உடனே சுத்தியலும் உளியும்தான். இரும்பின் மேல் இரும்பை ஓங்கி அடிக்கும்போது அரிசிக்குருணை அளவுக்கும் சிறிய சில்லு தெறிக்கும். அதன் வேகம் மிகப் பெரிது. கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடும். போன வழி கண்ணுக்குத் தெரியாது, வலியும் அதிகம் இருக்காது, அன்றைக்குப் பார்வைகூட நன்றாகவே இருக்கலாம். ஆனால் உள்ளே தங்கிய இரும்பு துருப்பிடிக்கும். அந்தத் துரு மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பார்வையைத் தின்றுவிடும்.

ஆகவே ஒன்றை மனத்தில் வையுங்கள். சுத்தியல் அடித்தபோது கண்ணில் ஏதோ பட்டது என்றால் தேய்க்கவே கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பழைய சொட்டு மருந்து எதையும் ஊற்றக் கூடாது. ஏதாவது குத்திக்கொண்டு நின்றால் பிடுங்கக் கூடாது. கண்ணை அழுத்தாதபடி ஒரு சுத்தமான காகிதக் கோப்பையை மேலே கவிழ்த்து ஒட்டி, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். “சுத்தியல் அடித்தபோது பட்டது” என்ற வார்த்தையை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

சரி, போல்ட்டை எப்படித்தான் கழற்றுவது? அவசரப்படாமல் கழற்றுவது என்பதுதான் பதில். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். ஸ்பேனரால் ஒரேயடியாகத் திருகாமல் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தலை முறிந்து தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், வெல்டிங் தெரிந்தவர் அதன் மேல் ஒரு நட்டை ஒட்டவைத்துத் திருகி எடுப்பார். உள்ளேயே முறிந்திருந்தால் நடுவில் துளை போட்டு எடுக்க வேண்டும். இது பட்டறையில் செய்கிற வேலை, காட்டில் செய்கிற வேலை அல்ல. அடித்தே ஆக வேண்டுமென்றால் பித்தளைக் கம்பியை நடுவில் வைத்து அடியுங்கள். தலை பூத்த உளியை அரத்தால் ராவாமல் கையில் எடுக்காதீர்கள். காற்றடைத்த டயர் மாட்டியிருக்கும்போது சக்கர போல்ட்டைக் கேஸ் வைத்துச் சூடாக்காதீர்கள், டயர் வெடித்து ஆளைக் கொன்றுவிடும்.

மூக்குக்கண்ணாடியும் வெயில் கண்ணாடியும் பாதுகாப்பு ஆகாது. பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தாய்மார்களே, வீட்டு வரிசையில் டிராக்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டால் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுங்கள். சில்லு பெரியவர் சின்னவர் பார்த்துப் பறப்பதில்லை.

இன்னொன்று, புதிதாகப் போடும் போல்ட். ஸ்டோரில் கிடைத்ததைப் போட்டுச் சமாளிப்பதுதான் அடுத்த உடைப்புக்கு அச்சாரம். பழைய மாஸி வண்டிகளில் பெரும்பாலும் அங்குல அளவு மரைதான். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்த இடத்தில் 12 மில்லிமீட்டர் போல்ட் உள்ளே போவதுபோல் போகும், ஆனால் மரை சரியாகப் பிடிக்காது. போல்ட்டின் தலையைப் பாருங்கள். அங்குல போல்ட்டில் மூன்று கோடு இருந்தால் பலமானது, ஆறு கோடு இருந்தால் அதைவிடப் பலமானது, கோடே இல்லாவிட்டால் பலம் குறைந்தது. மில்லிமீட்டர் போல்ட்டில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். சக்கரத்தில் ஒரு போல்ட் உடைந்தால் பக்கத்தில் உள்ளவையும் அதிக பாரம் தாங்கிக் களைத்திருக்கும். அவற்றையும் மாற்றுவதே நல்லது.

இதெல்லாம் தெரியாமலா நம் ஆட்கள் சுத்தியலைத் தூக்குகிறார்கள்? பல பேருக்குத் தெரியும். ஆனால் வெட்டிய குலை மில்லுக்குப் போயாக வேண்டும், வண்டி நின்றால் கூலி நிற்கும், மண்டோர் சத்தம் போடுவார். அதனால் குற்றத்தை டிரைவர் தலையில் மட்டும் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். சரியான போல்ட்டும், எண்ணெயும், பாதுகாப்புக் கண்ணாடியும் ஸ்டோரில் வைக்காத நிர்வாகத்துக்கு, கண் போன பிறகு “கவனமா இருந்திருக்கணும்” என்று சொல்ல உரிமை இல்லை.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்புக்காக முதலாளி கொடுக்க வேண்டிய பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தப்படி, உடனடி ஆபத்து இருப்பதை எடுத்துச் சொல்லியும் முதலாளி சரிசெய்யாவிட்டால், அந்த வேலையை விட்டு விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. பக்கத்தில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள். சின்னக் காயம்தானே என்று மறைக்காமல் டிஸ்பென்சரி புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். பிறகு பார்வை மங்கினால் அந்த ஒரு வரிதான் உங்களுக்குச் சாட்சி.

“நம்ம ஆளு கெட்டிக்காரன், ரெண்டே அடியில கழட்டிட்டான்” என்று புகழ்வதை நாம் நிறுத்த வேண்டும். வண்டியை ஓரம் கட்டி, “கண்ணாடி இல்லாம நான் கை வைக்கமாட்டேன்” என்று சொல்கிறவனே கெட்டிக்காரன். நாளைக் காலைப் பெரட்டில் உங்கள் தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்லி, ஒவ்வொரு டிராக்டருக்கும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கேளுங்கள். குலை ஒரு நாள் தாமதமாகப் போனால் தோட்டம் அழிந்துவிடாது. கண் போனால் ஒரு குடும்பமே இருட்டில் நிற்கும்.