கர்மாவுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

நோயில் படுத்திருப்பவரிடம் போய் "எல்லாம் உன் கர்மா" என்று சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை. வினை என்றால் செயல், அவ்வளவுதான். அடுத்தவர் வினையை எடைபோட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அவரவர் கணக்கை அவரவர்தான் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் 'நைக்கான்' என்று ஒரு முறை இருக்கிறது. 'உள்ளே பார்த்தல்' என்று பொருள். பௌத்தப் பயிற்சி ஒன்றிலிருந்து 1940-களில் யோஷிமோட்டோ இஷின் என்பவர் உருவாக்கியது. ஒரு வாரம் திரைக்குப் பின்னால் தனியாக உட்கார வேண்டும். அம்மாவில் தொடங்கி ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்றே கேள்விகள். அவரிடமிருந்து என்ன பெற்றேன்? என்ன திருப்பிக் கொடுத்தேன்? என்ன தொல்லை கொடுத்தேன்? (பி.காம். படிக்கிறவனுக்கு இது பற்று வரவு மாதிரியேதான் தெரிகிறது!) ஜப்பானியச் சிறைகளிலும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

'அவர் எனக்கு என்ன தொல்லை கொடுத்தார்' என்ற நாலாவது கேள்வி கிடையாது. அதுதான் கேட்காமலே நமக்கு மனப்பாடமாச்சே... தினமும் அந்தப் பக்கத்தையே புரட்டுவதால்தான் பல மனக்காயங்கள் ஆறுவதில்லை என்பது என் கட்சி.

ஆனால் புருஷனிடம் தினம் அடி வாங்குகிற பெண்ணை உட்காரவைத்து இந்த மூன்றையும் கேட்பது நியாயமா? அவளிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த நாலாவது கேள்வியைத்தான்.