யந்திர அசரீரி

பழைய ஏடென்று ஒருவன் கொண்டு வந்து நீட்டினால், அதன் பாஷையைப் பார்த்தே மெய்யா பொய்யா என்று சொல்லிவிடலாம் என்பது பண்டிதர்களின் நெடுநாளைய தைரியம். அதற்கு ஆதாரம் இல்லாமலுமில்லை.

போப் சில்வெஸ்டர் தன் குஷ்டத்தைத் தீர்த்தாரென்று, ரோமாபுரி சக்ரவர்த்தி கான்ஸ்டன்டைன் மேற்கு ராஜ்யம் முழுவதையும் அவருக்கு எழுதி வைத்ததாக ஒரு தானசாஸனம் இருந்தது. அதைக் காட்டியே பல நூற்றாண்டு காலம் போப்புகள் அரசர்களிடம் அதிகாரம் பேசினார்கள். 1440-ம் வருஷத்தில் லோரன்சோ வல்லா என்னும் இத்தாலியர் அதை வரிவரியாகப் படித்து, கான்ஸ்டன்டைன் சாஸனத்தில் 'சத்ரப்' என்கின்ற பாரசீகத்துப் பதவிக்கு என்ன வேலை என்று கேட்டார். குட்டு உடைந்தது. எட்டாம் நூற்றாண்டு வாக்கில் யாரோ செய்த புரட்டு அது!

இன்று அதே புரட்டைச் செய்கிறவன் அந்தத் தப்பைச் செய்வானா? செயற்கை நுண்ணறிவு என்னும் யந்திரம் ஒரு காலத்து நூல்களையெல்லாம் விழுங்கிவிட்டு, அக்காலத்து நடையிலேயே கேட்டதை எழுதித் தருகின்றது. ஆகவே "நடை பழையதுதான்" என்கிற சாட்சி இனிப் பாதி சாட்சிகூட அல்ல. எங்கே கிடைத்தது, யார் கையில் இருந்தது, மசி எக்காலத்தது என்றுதான் கேட்க வேண்டும். "யந்திரமே அசல் என்று சொல்லிவிட்டது" என்பானானால், அது அசரீரி கேட்டதென்பதற்கு எந்த விதத்தில் மேல்?

அதற்காக யந்திரத்தை வெறுப்பதும் மூடத்தனமே. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலையால் கரிக்கட்டையாகிப்போன ஹெர்குலேனியம் சுருளொன்றை, பிரிக்காமலே எக்ஸ்ரே பிடித்து யந்திரத்தைக் கொண்டு வாசித்த மூன்று வாலிபர்கள் 2024-ல் 7 லட்சம் டாலர் பரிசு பெற்றார்கள். கடவுளர் மனிதர் காரியத்தில் தலையிடுவதில்லை என்ற எபிக்யூரஸ் கூட்டத்தார் இன்பத்தைப் பற்றி எழுதியதாம் அது. (பாதிரிமார் கைக்கு அகப்படாமல் எரிமலை காப்பாற்றிக் கொடுத்ததோ என்னவோ!) அதை ஏன் நம்பலாமென்றால், அந்த யந்திரத்திற்கு அவர்கள் கிரேக்கம் கற்பிக்கவில்லை. சிறு சிறு துண்டாகக் காட்டி, இங்கே மசி உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள். எழுத்தைப் படித்தவர்கள் மனிதர்கள். படங்களும் முறையும் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டன.

சிதைந்த கிரேக்கக் கல்வெட்டுகளில் விடுபட்ட எழுத்துக்களை ஊகிக்கும் 'இத்தாக்கா' என்ற யந்திரம் 2022-ல் வெளிவந்தது. தனியே விட்டால் அது நூற்றுக்கு 62 சரியாகச் சொல்லிற்று. சரித்திரக்காரர் அதைத் துணையாகக் கொண்டபோது 72. மற்றதையும் அடையாளம் போடாமல் அச்சடித்து முன்னோர் வாக்கென்று விற்பானானால், அவனைவிடத் தானசாஸனக்காரனே மேல். அவன் தன் கையாலாவது எழுதினான்.