தாய்மாரும் தோல் தொழிலும்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் தயாராகும் செருப்புகள் ஐரோப்பிய நகரங்களின் கடைகளில் விலையாகின்றன. அவற்றைத் தைக்கும் கைகள் பெரும்பாலும் ஸ்திரீகளின் கைகள். இத்தொழிலால் தேசத்துக்குக் கிடைக்கும் அந்நியச் செலாவணியை நாம் பெருமையோடு கணக்கிட்டுக் காட்டுகிறோம். ஆனால், அக்கைகளுக்கு உரியவள் கருவுற்றிருக்கும் பத்து மாதங்களில் அவளுக்குக் கிடைப்பது யாது என்ற கணக்கை எவரும் எழுதக் காணோம். இன்று அதைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடுவோம். பிரசவ விஷயத்தில் தமிழ் நாடு பின்தங்கிய நாடன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் வைத்தியசாலைகளில் நடைபெறுகின்றன. 2018-20ஆம் ஆண்டுகளின் கணக்கில், லட்சம் பிரசவங்களுக்கு இந்தியாவில் 97 தாய்மார் மாண்டிருக்கத் தமிழ் நாட்டில் மாண்டவர் 54 பேர். 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. இவை எல்லாம் பாராட்டத் தக்கவையே.

ஆயினும், இதே நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் இரத்த சோகை உடையவர்கள் என்று அதே குடும்ப நலக் கணக்கு கூறுகிறது. இரும்புச்சத்து மாத்திரைகளைச் சர்க்கார் இலவசமாகவே கொடுக்கிறது. வாங்கிச் செல்கிறவர்களும் வாங்கிச் செல்கிறார்கள். பின் சோகை ஏன் தீரவில்லை? மாத்திரை கைக்கு வருகிறதே ஒழிய வயிற்றுக்குள் செல்வதில்லை என்பது ஒரு முக்கியமான காரணம். மலம் கறுத்துப் போகிறதே என்று ஒருத்திக்குப் பயம். குழந்தை பருத்துப் பிரசவம் கடினமாகும் என்று வேறொருத்தியின் மாமியாருக்குப் பயம். வயிறு புரட்டுகிறது என்று மற்றொருத்தி நிறுத்திவிடுகிறாள். இப்பயங்களைத் தீர்க்க நேரம் எங்கே இருக்கிறது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடப்பதை நேயர்கள் அறிவார்கள். ஒரு நாள் கூலியை இழந்து வருகிறாள். வரிசையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள். அவள் முறை வந்ததும் எடை, இரத்த அழுத்தம், வயிற்றுப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் சில நிமிஷங்களில் முடிந்துவிடுகின்றன. “தவறாமல் சாப்பிடு” என்ற ஒரு வாக்கியத்தை நர்ஸ் நாற்பது பேரிடம் நாற்பது முறை சொல்லிக் களைத்துப் போகிறார். கேட்க நினைத்ததைக் கேளாமலே கர்ப்பிணி வீடு திரும்புகிறாள். நர்ஸ் மீது குற்றமில்லை. கர்ப்பிணி மீதும் குற்றமில்லை. முறையில்தான் குற்றம்.

இம்முறையை மாற்றலாம் என்று 1990களில் அமெரிக்காவில் செய்து காட்டியவர் ஷாரன் ஷிண்ட்லர் ரைசிங் என்னும் பிரசவ நர்ஸ். ஏறக்குறைய ஒரே மாதத்தில் பிரசவிக்க வேண்டிய எட்டு முதல் பன்னிரண்டு பெண்களை அவர் ஒரு கூட்டமாகச் சேர்த்தார். எடையையும் இரத்த அழுத்தத்தையும் அவரவரே பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். வயிற்றுப் பரிசோதனை மட்டும் ஒரு மூலையில் தனியே நடக்கும். பிறகு அனைவரும் வட்டமாக அமர்ந்து இரண்டு மணி நேரம் பேசுவார்கள். நர்ஸ் உபதேசம் செய்வதில்லை. கேள்வியை எழுப்பிவிட்டு, தவறான பதிலைத் திருத்துகிறார். வீணே காத்திருந்த நேரம் கற்கும் நேரமாக மாறிற்று. இதுவே இம்முறையின் சாரம்.

செல்வ நாட்டுக்குப் பொருந்தியது ஏழை நாட்டுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நைஜீரியாவிலும் கென்யாவிலும் இதைப் பரீட்சித்தார்கள். நைஜீரியாவில் கூட்டத்தில் சேர்ந்தவர்களுள் அதிகம் பேர் வைத்தியசாலைக்கு வந்து பிரசவித்தனர். முன்னரே பெரும்பாலோர் வைத்தியசாலைக்கு வரும் கென்யாவில் அவ்விஷயத்தில் வித்தியாசம் காணப்படவில்லை. ருவாண்டாவில், கர்ப்ப காலம் முடியுமுன் குழந்தை பிறப்பதை இம்முறை தடுத்ததாகத் தெரியவில்லை. ஆகவே இது சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்லவில்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் 2016இல் இதை ஆராய்ச்சியோடு சேர்த்து நடத்திப் பார்க்கலாம் என்றே நிதானமாகக் கூறியது. கர்ப்பிணியைப் பிரசவத்துக்கு முன் நான்கு முறை பார்த்தால் போதாது, எட்டு முறை பார்க்க வேண்டும் என்று அந்த ஸ்தாபனம் விதித்ததும் அவ்வாண்டில்தான்.

பரிசோதனை இன்றி, கிராமத்துப் பெண்கள் மாதந்தோறும் கூடித் தாய் சேய் நலத்தைப் பற்றிப் பேசித் தீர்மானிக்கும் கூட்டங்கள் வேறு வகை. அவற்றின் பலன் இன்னும் தெளிவானது. நேபாளத்தில் மக்வான்பூர் ஜில்லாவில் அத்தகைய கூட்டங்கள் நடந்த ஊர்களில், பிறந்து ஒரு மாதத்துக்குள் மாளும் சிசுக்களின் தொகை நூற்றுக்கு முப்பது குறைந்ததென்று 2004இல் வெளியாயிற்று. நம் ஜார்க்கண்டிலும் ஒரிசாவிலும் ஆதிவாசிகள் மிகுந்த ஜில்லாக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று 2010இல் வெளியாயிற்று. வங்காள தேசத்தில் கூட்டங்கள் சொற்பமாக இருந்தபோது பலன் தோன்றவில்லை. அவற்றைப் பெருக்கியதும் தோன்றிற்று. பெயருக்கு ஊருக்கொரு கூட்டம் கூட்டிப் படம் எடுத்துக்கொள்வதால் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இவ்வுண்மை வேலூருக்குப் புதிதன்று. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் மாண்டார்கள். ஐடா ஸ்கடரின் தந்தையாகிய வைத்தியர் அதே வீட்டில் இருந்தார்; எனினும் ஆண் வைத்தியர் வரலாகாது என்று அக்குடும்பங்கள் மறுத்துவிட்டன. அந்த இரவின் விளைவாகவே ஐடா அம்மையார் வைத்தியம் கற்றுத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரு படுக்கையோடு சிகிச்சை தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியும் அமைத்தார். அன்றிரவு வைத்தியம் இல்லாமற் போகவில்லை. ஏற்கத் தக்க வடிவில் அது வரவில்லை. இன்றும் தோல் நாட்டில் குறை அதுவே.

எவ்வாறு? தொழிற்சாலையில் பதிவு பெற்ற பெண்ணுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. பிரசவ விடுமுறை 2017இல் பன்னிரண்டு வாரத்திலிருந்து இருபத்தாறு வாரமாக்கப்பட்டது. ஆனால் இது பிரசவத்தை ஒட்டிய விடுமுறை. அதற்கு முந்திய மாதங்களில் எட்டு முறை பரிசோதனைக்குச் செல்ல எட்டு நாள் கூலியை யார் தருவது? பசையின் நெடியிலும் ஓயாத நிற்பிலும் அம்மாதங்களை அவள் கழிக்கிறாள். இவளாவது பதிவேட்டில் இருக்கிறாள். ஆம்பூரைச் சுற்றிய கிராமங்களில் செருப்பின் மேற்பாகத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் கூலிக்குத் தைக்கும் பெண்களோ தொழிற்சாலைப் பதிவேட்டில் இல்லை. அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை, சம்பளத்தோடு விடுமுறை இல்லை. ஊசியைக் கீழே வைத்த நாள் பட்டினி நாள்.

எனவே, இங்கே கர்ப்பிணி வைத்தியசாலையைத் தேடிப் போவதைவிட, வைத்தியம் கர்ப்பிணிகளின் கூட்டத்தைத் தேடி வருவதே தக்கது. தொழிற்சாலையில் மாதம் ஒரு முறை, வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல் இரண்டு மணி நேரம். வீட்டில் தைப்பவர்களுக்கு அவர்கள் தெருவின் அங்கன்வாடியில், ஆதிதிராவிடர் குடியிருப்பாயினும் முஸ்லிம் தெருவாயினும் அங்கேயே. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஊர்களில் உருதுவை வீட்டு மொழியாகக் கொண்ட பெண்கள் பலர் ஆகையால், உருது பேசும் நர்ஸோ ஊழியரோ உடனிருத்தல் அவசியம். பெண்கள் பலர் நடுவே அந்தரங்கம் பேசக் கூசுவார்கள் என்பர். தனியே சொல்ல வேண்டியதைத் தனியே சொல்லத் திரை மறைத்த மூலை ஒன்று போதும்.

இவ்வகைக் கூட்டம் நமக்கு அந்நிய வழக்கமும் அன்று. வளைகாப்பு என்பது பெண்கள் கூடிக் கர்ப்பிணிக்குத் தைரியம் சொல்லும் நாள் அல்லவா? சர்க்காரே ஜாதி மத பேதமின்றிச் சமுதாய வளைகாப்பு நடத்தி வளையலும் விருந்தும் அளிக்கிறது. அன்று கூடியவர்களை மறுநாள் கலைந்து போகச் செய்யாமல், பிரசவம் வரையில் மாதந்தோறும் கூட்டினால் பாதி வேலை முடிந்தது.

இதில் இன்னுமொரு நன்மையைத் தேச ஊழியர்கள் கவனிக்க வேண்டும். பசையின் நெடியால் தலை சுற்றுகிறது என்று ஒருத்தி தனியே சொன்னால் அது அவள் உடம்பின் பலவீனம் எனப்படும். பத்துப் பேர் ஒரே வட்டத்தில் அமர்ந்து அதையே சொன்னால் அது தொழிற்சாலையின் குறை என்பது வெளியாகும். இத்தோல் நாட்டின் நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றிய முறையீடும் வேலூர் மக்கள் கூடி நின்றதனால்தான் 1996இல் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பாக விளைந்தது.

முதலாளிகளை நாம் கேட்பது மாதம் இரண்டு மணி நேரம். சர்க்காரைக் கேட்பது, வீட்டில் தைக்கும் பெண்களையும் தொழிலாளராகப் பதிவு செய்து, அவர்கள் கூட்டத்துக்கு வரும் நாளின் கூலியை ஈடு செய்வது. தொழிற்சங்கத்தாரைக் கேட்பது, தங்கள் கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்கு அருகில் இதற்கும் ஓர் இடம். செருப்புக்கு அளவு எடுக்கத் தெரிந்த தேசம், அதைத் தைப்பவளின் இரத்தத்தையும் அளந்து பார்க்கட்டும்.